ஷட் டவுனுக்கு நாலு மார்க், ரீஸ்டார்ட்டுக்கு ஒன்பது: பவர் மெனுவுக்கு ஒரு ரிவ்யூ

தினமும் வேலை முடிந்ததும் ஒழுங்காக ஷட் டவுன் கொடுக்கிறேன், என் விண்டோஸ் கம்ப்யூட்டர் மறுநாள் புதுசாகத்தான் ஆரம்பிக்கிறது என்று நம்புகிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவைத் தேர்ந்தெடுத்து, கீழே ‘அப் டைம்’ என்று, கடைசியாகப் புதிதாக ஆரம்பித்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நாள், மணி, நிமிடம், விநாடி என்று வரிசையாக இருக்கும். இன்று காலைதான் ஆன் செய்தேன் என்கிறவர்களில் பலருக்கு அந்த முதல் எண் 9, 14, 23 என்று ஏதாவது காட்டும். எண்ணில் தப்பில்லை. ஷட் டவுன்தான் முழுசாக நடக்கவில்லை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கூடவே வந்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அதன் பிறகு ஷட் டவுன் கொடுத்தால் நடப்பது இதுதான்: நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடப்படும், உங்கள் லாகின் முடியும், ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும் ரேமில் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் உள்ள ஹைபர்னேட் ஃபைலில் எழுதி வைக்கப்படும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அதை அப்படியே எடுத்து ரேமில் திரும்பக் கொட்டிவிடும். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் முன் அறைச் சாமான்களை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சமையலறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவது மாதிரி. போன வாரம் கோணலான ஒரு வைஃபை டிரைவர் இந்த வாரமும் அதே கோணலோடு எழுந்து வரும்.

ஹார்ட் டிஸ்க் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. அப்போது ஆன் செய்துவிட்டு எழுந்து போய் வேறு வேலை பார்க்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் உள்ள மெஷினில் இது மிச்சப்படுத்துவது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்காக, ஆஃப் என்று எழுதியிருக்கும் பட்டன் ஆஃப் செய்யாமல் இருப்பது எனக்குச் சரியான பேரமாகப் படவில்லை. இது வேண்டாம் என்று நிறுத்தப் போனால் அது இருக்கும் இடம் இன்னொரு எரிச்சல்: புதிய செட்டிங்ஸை விட்டுவிட்டு பழைய கண்ட்ரோல் பேனலுக்குப் போய், பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தைத் திறந்து, ‘இப்போது மாற்ற முடியாத செட்டிங்ஸை மாற்று’ என்கிற பொருளில் இருக்கும் ஒரு வரியை அழுத்தினால்தான் அந்தச் சின்னக் கட்டத்தில் டிக்கையே எடுக்க முடியும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனை அழுத்துங்கள், அந்த ஒரு முறை மட்டும் முழுதாக ஆஃப் ஆகும். ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்காமல் இதை நிரந்தரமாக நிறுத்திவிடுவது நல்லது. விண்டோஸ் பாதி தூக்கத்தில் இருக்கும்போது அதன் டிரைவ் பூட்டிய மாதிரிதான், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும், படிக்க மட்டும் விடும். ஷட் டவுனுக்கு பத்துக்கு நாலு. அந்த நாலும் ஷிஃப்ட் வழியைத் திறந்து வைத்ததற்காக.

இப்போது ரீஸ்டார்ட். மெனுவில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே ஆள் இவர்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தாலும் ரீஸ்டார்ட் அதைக் கண்டுகொள்ளாது, கெர்னலை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். அதனால்தான் எந்த ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வியாக இதைக் கேட்கிறார்கள், நாமும் ‘நேத்தே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனே’ என்று பதில் சொல்லிக் கடுப்பாகிறோம். இரண்டும் ஒன்றில்லை. எதிர்முனையில் இருப்பவரும் பெரும்பாலும் இதை விளக்குவதில்லை.

சும்மா ரீஸ்டார்ட் செய்தால் எப்படிச் சரியாகிறது என்று கேட்பவர்களுக்கு மந்திரம் எதுவும் இல்லை. ஒரு புரோகிராம் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருக்கும், இரண்டு புரோகிராம்கள் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துக்கொண்டே நின்றிருக்கும், ஒரு கவுண்ட்டர் நிரம்பி வழியும். எது என்று தேடிக் கண்டுபிடிக்காமலே எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதுதான் ரீஸ்டார்ட்டின் வேலை. கவுண்ட்டர் நிரம்புவதற்குப் பழைய உதாரணம் விண்டோஸ் 95. அது மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டிருந்தது, அந்த எண் 49.7 நாளில் நிரம்பிவிடும், மெஷின் தொங்கிவிடும். அவ்வளவு நாள் அதை யார் தொடர்ந்து ஓட்டியிருப்பார்கள் என்று சிரிக்கலாம், ஆனால் 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, போயிங் 787 விமானங்களின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு யூனிட்டுகள் 248 நாள் தொடர்ந்து ஆனிலேயே இருந்தால் மின்சாரம் போய்விடக்கூடும், அதற்கு முன்பே ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்று அதிகாரபூர்வமாகவே உத்தரவு போட்டது. விமானத்துக்கே அந்த வைத்தியம்தான்.

ஆனாலும் ஒரு மார்க் குறைக்கிறேன், காரணம் இருக்கிறது. ரீஸ்டார்ட்டில் மின்சாரம் நிற்பதில்லை. சாஃப்ட்வேர் புதிதாக வரும், ஆனால் உள்ளே இருக்கும் ஒரு வைஃபை சிப்போ, யூஎஸ்பியில் சொருகிய ஒரு கருவியோ தனக்குள்ளேயே குழம்பி நின்றுவிட்டால் அதற்கு ரீஸ்டார்ட் நடந்ததே தெரியாமல் போகலாம். இன்னும் ஒன்று, டெஸ்க்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்தாலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை நாம் அழுத்தியது அதற்குத் தெரிய வேண்டுமே. பல மதர்போர்டுகளில் ஆஃப் செய்த பிறகும் மினுங்கும் அந்தக் குட்டி விளக்கு இதனால்தான். அப்படிப் பிடிவாதம் பிடிக்கும் கேஸுக்கு வழி ஒன்றுதான்: ஷட் டவுன் செய்து, பின்னால் இருக்கும் பவர் சப்ளை ஸ்விட்சை அணைத்து அல்லது பிளக்கையே பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சம் மீதி கரண்ட்டை வடியவிட்டு, அப்புறம் ஆன் செய்வது. லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கினாலும் பேட்டரி உள்ளேயே இருப்பதால் இது அவ்வளவு எளிதில்லை. சில மாடல்களில் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் அதே பலன் கிடைக்கும், சிலவற்றில் அதற்கென்றே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள்.

ஸ்லீப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. ஒரு காலத்தில் ஸ்லீப் என்றால் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட், மற்றதெல்லாம் ஆஃப். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவை மாடர்ன் ஸ்டாண்ட்பை என்கிற முறைக்குப் போய்விட்டன, போன் மாதிரி திரையை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே லேசாக விழித்திருக்கும், மெயில் எடுக்கும், அப்டேட் பார்க்கும். போனில் சரி. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு சில மணி நேரம் கழித்து எடுத்தால் சூடாக இருப்பதும், பேட்டரி பாதியாகியிருப்பதும் எந்த ஊர் நியாயம்? உங்கள் மெஷினில் எந்த வகை ஸ்லீப் இருக்கிறது என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஸ்லாஷ் ஏ சேர்த்து (powercfg /a) கொடுங்கள், பட்டியல் வரும். அதில் ‘இருக்கிறது’ என்று காட்டும் பகுதியில் எஸ்0 இருந்தால் மாடர்ன், எஸ்3 இருந்தால் பழைய நல்ல ஸ்லீப். எஸ்0 தான் இருக்கிறது என்றால் பைக்குள் வைக்கும்போது ஸ்லீப்பை நம்பாமல் ஹைபர்னேட்டுக்குப் போய்விடுங்கள்.

ஹைபர்னேட்தான் என் கட்சி. திறந்து வைத்ததெல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டு மெஷின் ஆஃப் ஆகிவிடும், ஒரு வாரம் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும், பேட்டரியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எழுந்து வர ஸ்லீப்பைவிடச் சில விநாடி கூடுதல், டிஸ்க்கில் சில ஜிபி இடம் பிடிக்கும், அவ்வளவுதான் குறை. இவ்வளவு நல்ல பொருளை மெனுவில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் அதே பக்கத்தில் இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, டிக் போட்டால் மெனுவில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னதைக் கேட்டு ஹைபர்னேட்டை மொத்தமாக நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே போய்விடும், இரண்டும் ஒரே ஃபைலில் வாழ்கிறவை. எனக்கு அதில் வருத்தமில்லை, உங்களுக்கு இருக்கலாம்.

மெஷின் தொங்கி நின்ற பிறகு செய்ய வேண்டியது தனி விஷயம். பலர் நேரே பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகிறார்கள், நடுவில் மூன்று படி இருக்கிறது. திரை மட்டும் உறைந்துபோய், பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பிரச்சினை கிராஃபிக்ஸ் டிரைவரில் இருக்கலாம்: விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் அந்த டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், திரை ஒரு நொடி கறுத்து, ‘பீப்’ என்று சத்தம் வந்து, மறுபடி தெரியும், திறந்திருந்த எதுவும் மூடாது. டாஸ்க்பார் மட்டும் செத்துப்போயிருந்தால் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும். இவை இரண்டும் பலிக்கவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி வரும் திரையில், கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே மூலையில் உள்ள பவர் ஐகானை அழுத்துங்கள். எமர்ஜென்சி ரீஸ்டார்ட் என்று ஒரு திரை வரும், சேமிக்காதது போய்விடும், கடைசி வழியாக மட்டும் பயன்படுத்து என்று எச்சரிக்கும், சரி என்றால் உடனே ரீஸ்டார்ட். எந்தப் புரோகிராமின் அனுமதியையும் கேட்டுக்கொண்டிருக்காது. வருடக்கணக்காக விண்டோஸ் ஓட்டுபவர்களில் பலருக்கே இது தெரியாது.

அந்த கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் கூட்டணிக்கும் ஒரு கதை உண்டு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் டேவிட் பிராட்லி என்கிற இன்ஜினியர் செய்து வைத்தது. சோதனை செய்யும்போது ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துப் போடுவது நேரம் தின்றதால், மெமரி சோதனை எல்லாம் இல்லாமல் சட்டென்று ரீஸ்டார்ட் ஆக ஒரு வழி. முதலில் டெலீட்டுக்குப் பதில் எஸ்கேப் இருந்தது, இடது கையால் தெரியாமல் அழுத்திவிட முடிகிறது என்று, இரண்டு கையும் தேவைப்படும்படி மாற்றினார்கள். பிற்பாடு விண்டோஸ் என்டி அதையே லாகின் செய்வதற்கு முன் அழுத்தும் பாதுகாப்புப் பட்டனாக்கியது, ஏனென்றால் வேறு எந்தப் புரோகிராமாலும் அதை நடுவில் மறித்துப் போலி லாகின் திரை காட்ட முடியாது.

எல்லாம் தோற்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. நாலு விநாடிக்கு மேல் பிடித்தால் ஹார்ட்வேரே மின்சாரத்தை நிறுத்திவிடும், சில லேப்டாப்களில் பத்து விநாடிகூட ஆகலாம், பொறுமையாகப் பிடியுங்கள். இதனால் விண்டோஸே கெட்டுவிடும் என்று பயப்படுவது கொஞ்சம் அதிகம். இன்றைய ஃபைல் சிஸ்டம்கள் தாங்கள் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கிறவை, டிஸ்க்கின் அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். போவது நீங்கள் சேமிக்காத வேலை. ஆனால் மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸுக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அந்தப் பட்டன் பக்கமே கை போகக்கூடாது, மதர்போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுப்பது வேறு கதை, நேரே நீலத்திரை ரெக்கவரி மெனுவுக்குப் போகும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று உள்ளே உள்ளே போய், மறுபடி ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து, அப்புறம் 4 அழுத்தினால் மிகத் தேவையானதை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும் சேஃப் மோட், 5 அழுத்தினால் நெட்வொர்க்கோடு சேஃப் மோட். முன்பு எஃப்8 அழுத்தினால் வந்த இடத்துக்கு இத்தனை சுற்று. விண்டோஸ் 8-இலிருந்து அது சாதாரணமாக வேலை செய்வதில்லை, பூட் ஆவது, அதாவது மெஷின் எழுந்து வருவது, அவ்வளவு வேகமாகிவிட்டதால் பட்டனை அழுத்த இடைவெளியே இல்லை என்பது மைக்ரோசாஃப்ட் தரப்பு. விண்டோஸே எழவில்லை என்றால் இந்த மெனுவுக்கு எப்படிப் போவது என்பது நியாயமான கேள்வி. அடுத்தடுத்து சில முறை பூட் ஆவது தோற்றால் அதுவாகவே அங்கே போய் நிற்கும்.

இதன் மதிப்பு 2024 ஜூலை 19 அன்று தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேரில் வந்த ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்து, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி நீலத்திரையில் விழுந்துகொண்டே இருந்தன. தீர்வு என்ன என்றால், சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. அது தவிர, தன் அஷூர் கிளவுடில் ஓடும் மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்னது இன்னும் விசேஷம்: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 முறை வரை தேவைப்படலாம். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் விழுவதற்கு முன் கிடைக்கும் சில விநாடியில் நெட்வொர்க் வந்து திருத்திய ஃபைல் இறங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். சேஃப் மோடுக்குப் போன பல பேர் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். டிஸ்க் பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் பூட்டில் பூட்டியிருந்தால் ரெக்கவரி மெனு 48 இலக்கச் சாவி கேட்கும். அது எங்கே இருக்கிறது என்று மெஷின் நன்றாக இருக்கும்போதே பார்த்து, வேறு இடத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைத்துப் பிரயோஜனமில்லை.

மேக் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அங்கே குழப்பமும் குறைவு. இன்டெல் சிப் இருந்த மேக்குகளில் கமாண்ட் ஆர், ஆப்ஷன், ஆப்ஷன் கமாண்ட் பி ஆர் என்று பூட் ஆகும்போது பிடிக்க வேண்டிய பட்டன்கள் ஒரு பெரிய மனப்பாடப் பாடம். ஆப்பிள் சிலிக்கான் என்கிற ஆப்பிளின் சொந்தச் சிப் வந்த பிறகு ஷட் டவுன் செய்துவிட்டு பவர் பட்டனையே அழுத்திப் பிடித்தால் ஸ்டார்ட்டப் ஆப்ஷன்கள் வந்துவிடும், தீர்ந்தது. இதில் விண்டோஸ் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. குறை சொல்வதென்றால், மேக்புக்கை ஆஃப் செய்துவிட்டு கீபோர்டைத் துடைக்கலாம் என்று போனால் ஏதாவது ஒரு பட்டன் பட்டதுமே ஆன் ஆகிவிடும். 2024-இல் வந்த மேக் மினியில் பவர் பட்டனை அடிப்பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததை யார் ஒப்புக்கொண்டார்களோ.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது மேஜிக் சிஸ்ஆர்க்யூ. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு விநாடி விட்டு, ஆர், இ, ஐ, எஸ், யூ, பி என்று அழுத்த வேண்டும். கீபோர்டைத் திரும்ப எடுத்துக்கொள், எல்லாப் புரோகிராமையும் மரியாதையாக மூடச் சொல், கேட்காததைக் கொல், பாக்கி இருப்பதை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்று, ரீபூட் செய். திரை முழுசாக உறைந்த நிலையிலும் கெர்னல் உயிரோடு இருந்தால் இது கேட்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைவிட எவ்வளவோ கௌரவமான சாவு. பல லினக்ஸ்களில் பாதுகாப்புக்காக இதில் சில எழுத்துகளை மட்டுமே இயல்பாக அனுமதித்திருப்பார்கள், தேவை வருவதற்கு முன்பே செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள்.

கையே படாமல் ஆன் செய்யும் வழிகளும் இருக்கின்றன. வேக் ஆன் லேன் வைத்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கருவியிலிருந்து எழுப்பலாம். அனுப்பப்படும் அந்தப் பாக்கெட்டில் முதலில் ஆறு பைட் எஃப்எஃப், அப்புறம் எழுப்ப வேண்டிய நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (ஆப்பிள் மேக் இல்லை, கார்டின் தனி அடையாள எண்) 16 முறை, மொத்தம் 102 பைட். ஆஃபில் இருக்கும் கார்டு இதற்காக மட்டும் காதைத் திறந்து வைத்திருக்கும். கேபிளில் நன்றாக வேலை செய்யும், வைஃபையில் நம்பாதீர்கள். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போடு ஆஃப் ஆனால் பெரும்பாலும் இது எழுப்பாது, அந்த அம்சத்தின் மேல் எனக்கு இன்னொரு வழக்கு. வீட்டில் ஃபைல் சர்வர் மாதிரி ஏதாவது வைத்திருப்பவர்கள், கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் ஒரு செட்டிங் இருக்கும், அதை மாற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’. அப்டேட் செய்துவிட்டு ஆஃப் ஆகு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனால், அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் ஆகி, லாகின் திரையில் விடிய விடிய விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும் என்று வருடக்கணக்கில் பலர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில்தான் இதைச் சரிசெய்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இதற்கு இப்போதைக்கு மார்க் போடவில்லை, இன்னும் சில அப்டேட்டுகள் போகட்டும், ராத்திரி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுகிறேன்.